ஜகாத் கணக்கும் ஷெல் தரும் விடையும்

ரூபாய் 4,00,000 சேமிப்பு ஓராண்டு கையிருப்பில் நின்றால் அதற்குரிய ஜகாத் 10,000 ரூபாய். நாற்பதில் ஒரு பங்கு என்பதால் மனக்கணக்கிலேயே சொல்லிவிடலாம். கணினி பயிலும் நம் பிள்ளை ஒருவன் இதனை லினக்ஸில் ஒரு ஷெல் நிரலாக எழுதுகிறான் என வைத்துக்கொள்வோம். தொகையை 40-ஆல் வகுக்க ஒரு ஃபங்ஷன் அமைத்து, விடையை 'ரிட்டர்ன்' என்னும் சொல்லால் திருப்பியனுப்புகிறான். திரையில் தோன்றுவதோ 16!

வகுத்தலில் பிழையில்லை. பிற கணினி மொழிகளில் 'ரிட்டர்ன்' விடையையே சுமந்து வரும். ஷெல்லில் அது சுமப்பது, வேலை நிறைவேறியதா இல்லையா என்னும் தகவலை மட்டுமே. அதற்கென ஒதுக்கப்பட்ட இடம் எட்டு பிட். அதில் 0 முதல் 255 வரையிலான எண்களே அடங்கும். 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் உருவாக்கிய 'பாஷ்' ஷெல், அதற்கு மேற்பட்ட எண்ணை 256-ஆல் வகுத்து மீதியை மட்டும் தருகிறது. 10,000-இல் முப்பத்தொன்பது 256 போக எஞ்சுவது 16.

16 என்று வந்தால் எவரும் ஐயுறுவர். சேமிப்பு 10,24,000 ரூபாயாக இருப்பின் என்னாகும்? ஜகாத் 25,600. அது 256-ஆல் மீதியின்றி வகுபடும். எனவே விடை 0. கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை எனப் பொருள்கொண்டால் ஏழைகளின் ஹக் அல்லவா பறிபோகும்! போதாக்குறைக்கு, ஷெல்லின் வழக்கில் 0 என்பதே வெற்றியின் அடையாளம். தேர்வில் பூஜ்யம் வாங்கியவனைக் கண்டிக்கும் நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். வெற்றி ஒரே வகை, தோல்விக்கோ பல காரணங்கள்; ஆகவே தோல்விகளுக்கு மற்ற எண்களை விட்டுவைத்தனர். நியாயமான ஏற்பாடுதான்.

தொகை வேண்டுமெனில் ஃபங்ஷனுக்குள் 'எக்கோ' கொண்டு அதனை அச்சிட வேண்டும். அழைக்கும் இடத்தில் டாலர் குறியும் அடைப்புக்குறியும் இட்டு அதனைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "கணக்கிடுகிறேன்" என்று ஓர் அறிவிப்பையும் உள்ளேயே எக்கோ செய்தால், அதுவும் தொகையோடு ஒட்டிக்கொண்டு வரும். அறிவிப்புகளைப் பிழைச் செய்திகளுக்குரிய தனி வாய்க்கால் வழியே அனுப்புவதே முறை.

'ரிட்டர்ன்' எழுதாமல் விட்டாலும் ஃபங்ஷன் வாளாவிராது. இறுதிக் கட்டளையின் நிலையையே தன் நிலையாகத் திருப்பும். ஜமாஅத் கணக்கேட்டைப் பிரதியெடுக்கும் கட்டளை தோற்று, அடுத்த வரியில் "முடிந்தது" என எக்கோ இருந்தால், அந்த எக்கோவின் வெற்றியே வெளியே வரும். பிரதி இருக்காது, நிரலோ வெற்றி என்று சாட்சி சொல்லும். 'லோக்கல்' என்னும் சொல்லுக்கும் இதே குணமுண்டு. ஒரே வரியில் மாறியை லோக்கல் என அறிவித்து, ஃபங்ஷனின் விடையையும் அதிலேயே வாங்கினால், உள்ளே நேர்ந்த தோல்வியை லோக்கலின் 0 மறைத்துவிடும். அறிவிப்பு ஒரு வரியிலும் விடை வாங்குதல் மறுவரியிலும் இருக்கட்டும்.