தாமதத்துக்கு வெயில் தண்டனையா?

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மாணவரை அடிப்பதையும் மனம் நோகடிப்பதையும் தடை செய்கிறது. ஆனால் அந்தச் சட்டம் 14 வயது வரைக்கும்தான். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் பலர் அந்த வயதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கும் அதே மரியாதை வேண்டாமா?

எங்கள் ஊரில் உடலையும் கரையையும் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்குத் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். கரைக்கான நாடாவை (ஓடத்தை) எறிய வீட்டுப் பிள்ளையை உட்கார வைப்பது பழைய வழக்கம். காலையில் தறியில் கைகொடுத்துவிட்டுப் பள்ளிக்குத் தாமதமாக வருகிறவனை வெயிலில் நிறுத்துவது கொடுமை. ஆசிரியர்களே, காரணத்தைத் தனியாகக் கேளுங்கள். வகுப்பு விதிகளையும், மீறினால் என்ன என்பதையும் மாணவர்களே கூடி எழுதட்டும். தாங்கள் எழுதியதை அவர்கள் மதிப்பார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக்கள் இதை அடுத்த கூட்டத்திலேயே பேச வேண்டும்.

– நெசவாளர் வீட்டுத் தாய், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்