பண்ணைத் தாம்போதியில் சைக்கிளுக்கு ஓர் ஓரம்

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. ஆகவே சைக்கிள் மிதிப்பவருக்கு ஏற்றமும் இல்லை என்று வெளியூரார் எண்ணுவர். எமது ஏற்றம் காற்றில் இருக்கின்றது. சோளகம் வீசும் ஆடி மாதத்தில் பண்ணைத் தாம்போதியில் தீவுப்பக்கம் மிதித்தவர்க்கு இது விளங்கும். மார்கழியில் வாடை முதுகைத் தள்ளிவிடும். திரும்பும்போது அதற்குக் கூலி கேட்கும்.

ஆயினும் காற்று ஓய்ந்த காலைகளில், குடாநாட்டின் மிக இலகுவான, மிக அழகான சைக்கிள் பயணம் இதுவே என்பேன். கோட்டையைத் தாண்டியதும் இருபுறமும் பரவைக்கடல். ஆழமற்ற நீரில் சிறகுவலைத் தடிகள் வரிசையாக நிற்கும். மாரிக்குப் பின் பூநாரைகள் வந்திறங்கும். மண்டைதீவுச் சந்தியைக் கடந்தால் அல்லைப்பிட்டி, மண்கும்பான் பிள்ளையார் கோயில், வெண்மணல், பனைகள். சாட்டிக் கடற்கரை வரை பத்துக் கிலோமீற்றரிலும் சற்றே கூடுதல். விடியப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் வீடு திரும்பலாம்.

இன்பத்துக்காகச் சைக்கிள் மிதிக்க எமக்கு வாய்த்த காலம் குறைவு. (பத்திரிகையில் துவிச்சக்கர வண்டி என்றுதான் எழுதினோம், வீதியில் எவரும் அப்படிச் சொன்னதில்லை.) 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு எரிபொருள் தடைப்பட்டபின், விறகும் நோயாளியும் மணப்பெண்ணும் சைக்கிளில்தான் சென்றனர். அதன் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். கிளாலியில் அது படகேறியது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது வீட்டையே சுமந்தது. அத்தனை தூரம் மிதித்த நகரத்தவர்க்கு, கண்ணெதிரே கிடந்த இந்தத் தாம்போதி மட்டும் கிட்டவில்லை. தீவுகள் இராணுவத்தின் வசமாகின. நகரம் 1995 டிசம்பர் வரை புலிகளின் வசமிருந்தது.

2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது சைக்கிள் மீண்டும் வீதிக்கு வந்தது. பெற்றோல் கிடைத்ததும் பழையபடி சுவரோரம் சாய்ந்தது. வறுமையின் வாகனம் என்ற எண்ணம் எம்மை விட்டுப் போகவில்லை.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. 2025 செப்டம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நகரிலிருந்து அங்கு செல்லும் தரைவழி இந்தத் தாம்போதி ஒன்றுதான். நயினாதீவு யாத்திரிகர்களை ஏற்றிய பேருந்துகள் குறிகட்டுவான் நோக்கி விரைவதும் இதே வீதியில். மைதானம் வேண்டுமா, அந்த ஈரநிலத்தின் கதி என்ன என்பவை தனியே பேசப்பட வேண்டியவை. என் கேள்வி சிறிது: போட்டி நாளில், மீன்பெட்டி கட்டிய சைக்கிளுடன் நகருக்கு வரும் தீவகத்தார் எந்த ஓரத்தால் வருவார்?

வீதி அபிவிருத்தி அதிகார சபை வரைபடம் கீறுமுன் இதைக் கேட்டுவிட வேண்டும். கீறியபின் கேட்டால் காணி இல்லை, காசு இல்லை என்பார்கள். இரு மீற்றர் அகலத்தில், வாகனம் ஏறாதபடி சிறு கற்கட்டு வைத்த ஒரு தடம் போதும். மாலையில் அங்கு தூண்டில் போட்டு நிற்கும் சிறுவர்களும் அதில் நின்றுகொள்வார்கள்.