கணினிக்கு எத்தனை பெயர்?

கனடாவில் வசிக்கும் பழைய சக பத்திரிகையாளர் ஒருவர் மின்னஞ்சலில் ஓர் ஐயம் கேட்டிருந்தார். வீட்டில் ஒரு பெயருடன் இருக்கும் அவரது மக் மடிக்கணினி, நூலகத்து வலையமைப்பில் இணைந்ததும் வேறொரு பெயரைக் காட்டுகிறதாம். இதை இப்படியே விட்டுவிடலாமா என்பது கேள்வி. விடக்கூடாது என்பதே என் கருத்து.

முகவரி வேறு, பெயர் வேறு. வலையமைப்பில் இணையும் கணினிக்கு ஐ.பி. முகவரி ஒன்று வழங்கப்படுகிறது. அது இடத்துக்கு உரியது. இடம் மாறினால் மாறத்தான் வேண்டும். வெள்ளவத்தையில் இருந்து நல்லூருக்குக் குடிபெயர்பவர் முகவரியை மாற்றுவார், பெயரை மாற்றுவதில்லை. ஆனால் முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. நெறிமுறையில், 'ஹோஸ்ட்நேம்' எனப்படும் கணினிப் பெயரையும் சேர்த்துக் கொடுக்க இடமுண்டு. நாம் நிலையான பெயரொன்றைப் பதிந்து வைக்காவிடில், மக் கணினியும் பல லினக்ஸ் கணினிகளும் அப்படி வரும் பெயரைச் சூடிக்கொள்கின்றன. விருந்தாளிக்கு வீட்டுக்காரர் பெயர் சூட்டுவது போன்ற கூத்து இது.

விளைவு வெறும் குழப்பம் மட்டுமன்று. கணினியின் நிகழ்வுப் பதிவேட்டில் ஒவ்வொரு வரியிலும் அதன் பெயர் எழுதப்படுகிறது. பெயர் மாறினால் ஒரே கணினியின் வரலாறு இரண்டாக உடையும். காப்புநகல் எடுக்கும் சில மென்பொருட்கள், புதிய கணினி வந்துவிட்டதென எண்ணி எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கத் தொடங்கும். லினக்ஸின் பழைய எக்ஸ் சாளர முறையிலோ, பாதி வேலையில் பெயர் மாறினால் புதிய சாளரமே திறக்க மறுத்த காலம் இருந்தது.

எனவே பெயர் நிலையாக இருக்கட்டும். ஆனால் நிலையான பெயரைச் செல்லுமிடமெல்லாம் உரத்துச் சொல்ல வேண்டுமா? இங்கேதான் விடயம் கனக்கிறது.

முகவரி கேட்கும்போதே பெரும்பாலான கணினிகள் தம் பெயரையும் சொல்லிவிடுகின்றன. அது அவ்விடத்து ரவுட்டரின் பட்டியலில் பதிவாகிறது. அதே வலையமைப்பில் இருக்கும் பிறருக்கும் தெரியவரலாம். மக் கணினிக்கு நாம் வேறு பெயர் வைக்காவிடில், அது உரிமையாளரின் பெயரையே தன் பெயரில் சேர்த்துக்கொள்கிறது. எமது நாட்டில் போர்க்காலத்தில் பலர் புனைபெயரிலேயே எழுதினர். அதன் காரணம் வாசகர் அறிந்ததே. இன்று தகவல் தருபவரைத் தேநீர்க்கடையில் சந்திக்கும் நிருபர் வாய் திறக்குமுன், அவரது மடிக்கணினி அங்குள்ள வைஃபையிடம் அவர் பெயரைச் சொல்லி முடித்திருக்கும்.

நிபுணர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 2017இல் வெளியான ஆர்.எஃப்.சி. 8117 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம், இவ்வழக்கம் தீங்கானது எனத் தலைப்பிலேயே கூறியது. அதே ஆண்டு வந்த அன்ட்ரொய்ட் 8, முகவரி கேட்கும்போது பெயரை அனுப்புவதை நிறுத்தியது. அப்பிள் 2020இல் ஐ.ஓ.எஸ். 14உடன், ஒவ்வொரு வைஃபை வலையமைப்புக்கும் வெவ்வேறு வன்பொருள் முகவரியைக் காட்டுவதை வழமையாக்கியது. முகத்தை மறைத்துக்கொண்டு பெயரைச் சொல்லித் திரிந்தால் அந்த மறைப்பால் என்ன பயன்? விண்டோஸ் தானாகச் சூட்டும் 'டெஸ்க்டொப்' என்று தொடங்கும் பெயரில் ஆளின் பெயர் இல்லைதான். எனினும், எங்கு சென்றாலும் அதே எழுத்துகள் தோன்றினால் அதுவும் ஓர் அடையாளமே.

வீட்டில் பெயரைச் சொல்வதில் தவறில்லை. அங்கே அச்சுப்பொறியும் பிள்ளைகளின் கணினியும் அப்பெயரைக் கொண்டே ஒன்றையொன்று தேடுகின்றன. அந்நிய இடத்தில் மௌனம் வேண்டும். லினக்ஸில் நெட்வேர்க்மனேஜர் பாவிப்போர், பெயரை அனுப்பாதே என ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியே கட்டளையிடலாம். மக்கில் பெயரை நிலையாக்கி, அதிலிருந்து சொந்தப் பெயரை நீக்கிவிடலாம். அலுவலகம் கொடுத்த கணினியாயின் பெயர் வைப்பது அலுவலகத்தின் உரிமை, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்தப் பெயரில் ஊழியரின் பெயரையும் பிரிவையும் எதற்காகச் சேர்க்கிறார்கள் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.