பழி ஓரிடம், நெருப்பு ஓரிடம்

டாலிகஞ்சில் நான் குடியிருக்கும் சந்தின் முனையில் ஒரு தச்சுக் கொட்டகை இருந்தது. படப்பிடிப்பு அரங்குகளுக்கு வேண்டிய கதவும் தூணும் கட்டிலும் அங்கே உருவாகும். சென்ற வைகாசியில் ஓர் இரவு அது எரிந்துபோயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பொழுது விடிவதற்குள் குற்றவாளி கிடைத்துவிட்டார். அன்று மாலை கடைசியாகக் கதவைப் பூட்டிய முதிய மிஸ்திரிதான் அவர்! பீடி குடித்திருப்பார், துண்டை வீசியிருப்பார், தீ மூண்டிருக்கும். விசாரணை முடிந்தது, அவர் வேலையும் முடிந்தது.

மறுநாள் தேநீர்க் கடையில் அவரைக் கண்டேன். "பீடியை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது, பாபு. அதை யாரும் கேட்கவில்லை" என்றார். அன்று என்ன வேலை நடந்தது என்று கேட்டேன். கட்டில்களுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசி மெருகேற்றினார்களாம். துடைத்த கந்தல்களை மூலையில், மரத்தூளின்மேல் குவித்துவிட்டுப் போனார்களாம். இரசாயனம் படிக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆளிவிதை எண்ணெய், தண்ணீர் உலர்வதுபோல உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனை உண்டு இறுகுகிறது. இறுகும்போது வெப்பத்தை உமிழ்கிறது. பலகையில் பூசியிருந்தால் அவ்வெப்பம் காற்றோடு போய்விடும். கந்தல் குவியலுக்குள்ளோ அதற்குப் போக்கிடம் இல்லை. சூடு ஏற ஏற இரசாயன மாற்றம் விரையும்; மாற்றம் விரைய விரையச் சூடு ஏறும். சில மணி நேரத்தில் குவியல் தானே கனலக்கூடும். தீக்குச்சியும் வேண்டாம், பீடியும் வேண்டாம்!

இது புத்தகத்தோடு நிற்கும் செய்தியா? இல்லை. ஈர வைக்கோலைப் போராகப் போட்டால் உள்ளே வெந்துவிடும் என்பதை நம் உழவர் அறிவர். 1930களின் இறுதியில் சோவியத் விஞ்ஞானி பிராங்க்-கமெனெத்ஸ்கி இதற்குக் கணக்கு வகுத்தார். வெப்பம் பிறப்பது குவியலின் உள்ளே. வெளியேறுவது அதன் புறப்பரப்பின் வழியே. குவியலின் நீளமும் அகலமும் உயரமும் இரு மடங்கானால் கன அளவு எட்டு மடங்காகிறது. புறப்பரப்போ நான்கு மடங்குதான். ஆகவே சிறு குவியல் குளிர்ந்துவிடும். ஓர் எல்லையைத் தாண்டிய பெருங்குவியல் பற்றிக்கொள்ளும்.

"அப்படியானால் அடுக்கி வைத்த மரமும் தானே எரியுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். உலர்ந்த மரம் சாதாரண வெப்பநிலையில் தானாக எரிந்துவிடாது. சுடர் பட்டுப் பற்றுவதற்கே அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 250 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேற வேண்டும். ஆனால் நீராவிக் குழாயை ஒட்டிய மரச்சட்டம் மிதமான சூட்டில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, கரிந்து, பின்பு ஒரு நாள் பற்றியதாக நெடுங்காலமாகவே பதிவுகள் உண்டு. அது எப்படி நேர்கிறது என்பதில் அறிஞரிடையே இன்றும் வாதம் ஓயவில்லை. அமெரிக்காவின் கொலராடோவில் ஓர் உணவகம் எரிந்தபோது, விளக்கோடு இணைந்த மின்கருவியின் சூடே நாளடைவில் மரத்தைப் பற்ற வைத்தது என்று காப்பீட்டு நிறுவனம் வழக்காடியது. 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சோதனையால் நிறுவப்படாத கொள்கையைச் சாட்சியமாகக் கொள்ள இயலாது என்பதே அதன் முடிவு.

இங்குதான் என் கருத்து பிறக்கிறது. "பீடி" என்பது சோம்பேறித் தீர்ப்பு. நம் பத்திரிகைகள் நாள்தோறும் எழுதும் "மின்கசிவு" என்பதும் பல வேளைகளில் சோம்பேறித் தீர்ப்பே. ஆராயாமல் சொன்னால் "தானே பற்றியது" என்பதும் அவ்வினமே. முன்னது ஏழையைப் பலியிடுகிறது. பின்னவை இரண்டும் பொறுப்புள்ளவரைத் தப்பவிடுகின்றன. கந்தல்தான் காரணம் என்று நான் அடித்துச் சொன்னால் எனக்கும் அந்த முதலாளிக்கும் என்ன வேற்றுமை? சோதித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் மறுநாள் மாலைக்குள் சாம்பலை லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

சோதித்துப் பார்த்தால் என்ன பயன் விளையும் என்பதற்கு டாலிகஞ்சுக்கு நெருக்கமான சான்று உண்டு. 1931இல் தோன்றிய நியூ தியேட்டர்ஸ், தாகூர் இயக்கிய ஒரே படமான "நடீர் பூஜா"வை 1932இல் வெளியிட்டது. 1940இல் அந்த ஸ்டூடியோவில் மூண்ட தீயில் அதன் பிரதிகள் அழிந்தன. அக்காலப் படச்சுருள், மரத்தின் உடலாகிய செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்துச் செய்யப்பட்டது. 1949 கோடையில் அமெரிக்காவில் படச்சுருள் கிடங்குகள் அடுத்தடுத்து எரிந்தபோது, ஆய்வாளர்கள் காவலாளியைத் தேடி ஓடவில்லை. சிதைந்த சுருளை 41 டிகிரி சூட்டில் வைத்துக் காத்திருந்தார்கள். 17 நாளில் அது தானே பற்றியது. 41 டிகிரி! நம் சித்திரை வெயில்! அந்த அறிவே பழைய சுருள்களைக் குளிர்ந்த அறையில் காக்கும் முறைக்கு வலுவூட்டியது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளை இழந்தோம். சமையற்கூடத்து நெருப்பு கீற்றுக்கூரைக்குத் தாவியது என்ற உண்மை துலங்கியது. அதனால்தான் தமிழகப் பள்ளிகளில் கீற்றுக்கூரைகள் அகன்றன. அதையும் "மின்கசிவு" என்று எழுதி மூடியிருந்தால் எத்தனை கூரைகள் அப்படியே நின்றிருக்கும்!

ஆகவே நான் வேண்டுவன இவை. ஆராயும் வரை சாம்பலை அள்ளக்கூடாது. "யார் இருந்தார்?" என்பதற்கு முன் "என்ன இருந்தது?" என்று கேட்க வேண்டும். காரணம் புலப்படாவிட்டால் "புலப்படவில்லை" என்று எழுத நாணக்கூடாது. அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 921ஆம் வழிகாட்டி 1992 முதல் விஞ்ஞான முறையை வற்புறுத்துகிறது. மற்றக் காரணங்களை விலக்கிவிட்டோம் என்பதனாலேயே, சான்றில்லாத ஒன்றைக் காரணமாக்கக் கூடாது என்று அதன் 2011ஆம் ஆண்டுப் பதிப்பு தெளிவாக்கியது. நமக்கும் அந்நெறி வேண்டும். தச்சர்க்கும் வண்ணம் பூசுவோர்க்கும் ஒரு சொல்: எண்ணெய்க் கந்தலைக் குவிக்காதீர், தனித்தனியே விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த தகரத்தில் இட்டு மூடுங்கள்.

தோழர்களே! ஆராயாது தீர்ப்பளித்த பாண்டியன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அங்கே தவறான தீர்ப்பினால் ஒரு நகரம் எரிந்தது. இங்கே ஒரு கொட்டகை எரிந்ததால் தவறான தீர்ப்பு எழுந்தது. அந்த மிஸ்திரி இன்று லேக் மார்க்கெட் ஓரத்தில் எலுமிச்சம்பழம் விற்கிறார். விஞ்ஞானம் பயிலும் நாம் பரீட்சைத் தாளில் மட்டும் உண்மையை எழுதினால் போதுமா? பக்கத்துச் சந்திலும் அதைக் கேட்டுப் பெற வேண்டாமா?