டயல்அவுட் குழுவும் 666 வைத்தியமும்

முகத்துவாரத்தில் படகு வைத்திருக்கும் நண்பரொருவர் தமது ஜீபிஎஸ் கருவியை உபுண்டு மடிக்கணினியில் யூஎஸ்பி வழியே இணைத்தார். சீரியல் போர்ட் தெரிந்தது; ஆனால் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்றது மென்பொருள். ‘666 அனுமதி கொடுங்கள், அல்லது ரூட்டாக இயக்குங்கள்’ என்று ஆலோசனை சொன்னோர் பலர். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. 666 என்றால் கணினியின் எந்தப் பயனரும் அக்கருவிக்குக் கட்டளையிடலாம். போதாக்குறைக்கு, கம்பியைக் கழற்றி மாட்டியதும் அவ்வனுமதி போய்விடும்! உபுண்டுவிலும் டெபியனிலும் அந்தப் போர்ட் ‘டயல்அவுட்’ குழுவுக்குரியது (மோடம் காலத்துப் பெயர், தொலைபேசிக் கம்பிவழி செய்தி அனுப்பிய எம்போன்றோருக்குப் பரிச்சயமானது). ஆர்ச் லினக்ஸில் ‘யூயூசிபி’. பயனரை அக்குழுவில் சேர்ப்பதே முறை. சேர்த்த பின்னும் மறுப்பு வந்தால் திகைக்கவேண்டாம். கணினிக்குள் நுழையும்போதுதான் குழு உரிமை கிடைக்கிறது. ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.