பொம்மை முகமும் இலக்கியத் தீர்ப்பும்

பெரிய கண்களும் வண்ணக் கூந்தலுமாகச் சிரிக்கும் பொம்மைச் சிறுமியரிடம் இலக்கியம் ஏது என்று கேலி பேசும் விமர்சகர்களுக்கு எங்கள் மறுப்பு இது. டான் சால்வாட்டோ குழுவினர் 2017இல் இலவசமாக வெளியிட்ட 'டோகி டோகி லிட்டரேச்சர் கிளப்' சில மணி நேரமே நீளும் கணினி விளையாட்டு. பள்ளி இலக்கிய மன்றத்தில் 20 சொற்களைத் தேர்ந்து கவிதை புனைவதில் தொடங்கி, மெல்ல அச்சத்துள் இழுக்கிறது.

ஆடுபவன்மேல் கொண்ட காதலால் தோழியரின் கோப்புகளை அழிக்கிறாள் மோனிகா. கதை நகர, அவளது கோப்பை ஆடுபவனே தன் கணினியில் தேடி அழித்தாக வேண்டும். நாங்கள் படித்த எந்தத் திகில் நாவலும் வாசகன் கையில் இவ்வளவு குற்றத்தை வைத்ததில்லை. ஆண்டுகள் கடந்தும் இதை நேசிப்பது அதனாலேயே. ஆடிப் பார்த்தபின் மறுப்பவர்களோடு விவாதிக்க ஆயத்தமாயிருக்கிறோம். படம் பார்த்தே தீர்ப்பெழுதுவோரோடு அன்று.