மருந்தா, விஷமா?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் சிப்காட் இருக்கிறது. அதை ஒட்டி உப்பனாறு. சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள் 2004-ல் தாங்களே பக்கெட்டில் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், நாற்றத்தின் பேரையாவது தெரிந்துகொள்ள.

"தண்ணிக்குத்தான் தேற்றாங்கொட்டை, முருங்கை விதையெல்லாம் இருக்கே" என்கிறார்கள் சிலர். எங்க ஆயாவும் குடத்துக்குள் கொட்டையை உரசித்தான் தெளியவைத்தாள். ஆனால் அடியில் படிவது மண்கலங்கல்தான். கரைந்த ரசாயனம் அப்படியே நிற்கும். தெளிந்த தண்ணீரை நம்பிக் குடிப்பதுதான் பெரிய ஆபத்து! கொட்டாங்குச்சிக் கரியில் செய்யும் ஆக்டிவேட்டட் கார்பன் பல ரசாயனங்களைப் பிடித்துவைக்கும். சரி, நிரம்பிய கரியை எங்கே கொட்டுவது? ஆகவே தண்ணீரில் கலக்குமுன் தடுப்பதே வழி என்பேன்.

ஆலையை மட்டும் திட்டினால் போதுமா? எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். அப்பா பூச்சிமருந்து அடித்துவிட்டு டேங்கை வாய்க்காலில்தான் கழுவுவார். விஷத்துக்குப் போய் மருந்துன்னு பேர் வெச்சிருக்கோமே!

போன போகத்தில் வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோ இடித்து, ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி 100 லிட்டராக்கிச் சாயங்காலம் தெளித்தேன். வெயிலில் அதன் வீரியம் குறைந்துவிடும். அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியைத் தின்னவிடாது, வளரவிடாது; உடனே கொல்லாது.

"பூச்சி இன்னும் ஓடுதேடா, இதுக்கா படிக்க அனுப்பினேன்?" என்றார் அப்பா, இரண்டாம் நாளே. பதில் சொல்ல ஒரு வாரம் ஆனது. இந்தப் போகத்துக்கு அரைக்காணி விட்டுக்கொடுத்திருக்கிறார். மீதிக்கு அதே மருந்துதான். டேங்கை மட்டும் வாய்க்காலில் கழுவுவதில்லை.